போறணையடியில் கேட்ட கேள்வி

நான் ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்து, ரோல்சும் கேக்கும் தீர்ந்து, கதிரைகளை அடுக்கத் தொடங்கிய நேரத்தில், அண்மையில் வேலைக்குச் சேர்ந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஒருவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"சேர், ஒரு விசயம் கேக்கவேணும். என்ரை பகுதியிலை ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கை சமைக்கிற ஒராளுக்கு எச்.ஐ.வி. எண்டு கதை வந்திருக்கு. சனம் எனக்குப் போன் எடுத்துக்கொண்டே இருக்குது. நான் அந்தாளை நிப்பாட்டவேணுமோ?"

"நிப்பாட்ட வேண்டாம்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஆனால் கதிரை அடுக்கிக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நெருப்புக்காய்ச்சல், மலேரியா, டெங்கு, கொரோனா என்று எத்தனையோ கண்ட பீ.எச்.ஐ. உத்தியோகம் என்னுடையது. ஆனாலும் எது கடினமாக இருந்தது என்று யாராவது கேட்டால், அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு பேக்கரியும் அங்கே மா குழைத்த ஒரு மனிதரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவரைப் பற்றியும், அந்த நாட்களில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு டொக்டரைப் பற்றியும் எழுதுகிறேன். இருவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் போடுவது, மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும், இறைச்சிக்கடையில் எதை முகர்ந்து பார்ப்பது என்று படித்தோம். மிச்சத்தை யுத்தம் படிப்பித்தது. இடம்பெயர்ந்த சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில், ஒரு வாளித் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதே பெரிய உத்தியோகமாக இருந்தது. எச்.ஐ.வி. பற்றி ஒரேயொரு வகுப்பு நடந்தது. மண்டையோடு கீறிய ஒரு சுவரொட்டியைக் காட்டினார்கள். பாடம் மறந்துவிட்டது, மண்டையோடு மட்டும் மனதில் நின்றது.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் டொக்டர் ஜெயமலர் எங்கள் பிரிவுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக வந்தார். மெலிந்த உருவம். பருத்திச் சேலை. மேசைக்கு எதிரே இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல். சாரதிக்கும் சரி, பணிமனையைக் கூட்டுகிற அம்மாவுக்கும் சரி, "நீங்கள்" என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் போனால் அவர் முதலில் கேட்பது உரிமத்தை அல்ல. "கை கழுவுற இடம் எங்கை?" என்று கேட்பார். போய்த் தன் கையைக் கழுவுவார். சவர்க்காரம் இருக்கிறதா, பைப்பில் தண்ணீர் வருகிறதா, துடைக்கிற துணி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். கழுவி முடிக்கும்போது அந்தக் கடையின் பாதி நிலவரம் அவர் கையில் இருக்கும். பிறகு தொட்டி, குசினி, களஞ்சியம் என்று வரிசையாகப் போவார். எதையும் பாய்ந்து பிடிப்பதில்லை. பிழை கண்டால், "இதை எப்பிடிச் சரிசெய்வம்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே பலர் திருந்தினார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கூட்டங்களில் யாராவது தேவையில்லாமல் ஒருவருடைய சொந்த விசயத்துக்குள் மூக்கை நுழைத்தால், "அது எங்கடை கேள்வி இல்லை" என்பார். கோபமில்லாமல் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கதை தொடராது.

அவர் வந்து கொஞ்சக் காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சந்தைக்குப் பக்கத்தில் வெங்காயக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் தனக்கு எச்.ஐ.வி. என்று நம்பிக்கையான கூட்டாளி ஒருவனிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமையே அவருடைய தேநீர்க் கோப்பையைத் தனியாக ஓர் ஆணியில் கொழுவி விட்டார்கள். கோப்பையைப் பிரித்து வைப்பது எங்கள் ஊருக்குப் புதுப் பழக்கமல்ல. எந்த மனிதனுக்கும் அதன் பொருள் உடனே விளங்கும். அவர் யாருடனும் சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் வேலைக்கு வரவில்லை. வவுனியா பஸ் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் போன பிறகுதான் களஞ்சியக்காரர் என்னிடம் வந்து, "அவன் குளிச்ச கிணத்துக்குக் குளோரின் போடவேணுமோ?" என்று கேட்டார். எனக்கு விசயம் தெரிந்ததே அப்போதுதான்.

டொக்டரிடம் சொன்னேன்.

"நாங்கள் பிந்திப்போனம்" என்றார்.

அதற்குப் பிறகு, உணவு தயாரிப்பவர்களுக்கு நாங்கள் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் அவர் எச்.ஐ.வி. பற்றியும் பேசத் தொடங்கினார். ஈ, எலி, பழுதான தண்ணீர், கைப்புண் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, "இனிச் சாப்பாட்டாலை பரவாத ஒரு வருத்தத்தைப் பற்றிச் சொல்லப்போறன்" என்று ஆரம்பிப்பார். "பரவாத வருத்தத்தை ஏன் சொல்லுறியள்?" என்று ஒருதடவை ஒரு கடைக்காரர் கேட்டார். "அது பரவும் எண்ட கதைதான் கெதியாப் பரவுது" என்றார் டொக்டர்.

புத்தூரில் அப்படி ஒரு வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது, என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சுத்தமாகச் சவரம் செய்த முகம். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். நகத்தைப் பார்ப்பது என் தொழில் பழக்கம்.

"ஐயா, நான் தவனேசன். தவம் எண்டு கூப்பிடுவினம். கோப்பாய். உங்களோடை தனியக் கதைக்கலாமோ?"

மரநிழலுக்குப் போனோம். வளைகுடா நாடொன்றில் பெரிய ஹோட்டலில் பேக்கரிப் பகுதியில் பல வருடம் வேலை செய்தவர் அவர். விசா புதுப்பிக்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் ஓர் அறைக்குள் இருத்தி, உடுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, விமானம் ஏற்றிவிட்டார்கள். என்ன வருத்தம் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஊருக்கு வந்து ஆஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. மனைவியையும் சோதித்தார்கள். அவருக்கு இல்லை. தவம் ஆஸ்பத்திரியிலுள்ள எச்.ஐ.வி. கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கத் தொடங்கி, உடம்பும் தேறியிருந்தது.

"இப்ப ஒரு பேக்கரியிலை ஆள் கேக்கினம், ஐயா. எனக்கு மா குழைக்கத் தெரியும். வேறை ஒண்டும் தெரியாது. ஆனால் என்ரை கையாலை குழைச்ச மாவாலை ஒரு பிள்ளைக்கு ஏதும் வந்திட்டால்? கிளினிக்கிலை பயமில்லை எண்டுதான் சொல்லுகினம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியவர் நீங்கள்தானே. அதுதான் உங்களிட்டைக் கேக்கிறன். நான் மா குழைக்கலாமோ?"

என் வேலைக் காலத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் எதை எதையோ என்னிடமிருந்து ஒளித்திருக்கிறார்கள். ஒளிக்கவேண்டிய தேவை எல்லாம் இருந்த ஒரு மனிதர், தெரியாத பிள்ளைகளின் நன்மைக்காகத் தானாக வந்து கேட்டது அந்த ஒருதடவைதான். பரவாது என்று எனக்கும் தெரியும். டொக்டர் சற்று முன்னர்தான் உள்ளே சொல்லி முடித்திருந்தார். என்றாலும் அவருடைய முகத்தைப் பார்த்தபோது, நூறு வீதம் உறுதியாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பணிமனைக்கு வந்து டொக்டரிடம் கேட்டேன். யார் என்று அவர் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தக் கடை என்றும் கேட்கவில்லை.

"எச்.ஐ.வி. சாப்பாட்டாலை பரவாது. கையாலை, எச்சிலாலை, வேர்வையாலை பரவாது. அந்தாள் தாராளமா மா குழைக்கலாம்" என்றார். பிறகு, "மெடிக்கலுக்கு வரச் சொல்லுங்கோ. எல்லாரையும் பாக்கிறமாதிரிப் பாப்பம்" என்றார்.

உணவு தயாரிப்பவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை என்பது இதுதான்: தோல் வருத்தம், ஆறாத புண், கண்ணோவு, காது வடிதல், நீண்ட இருமல், வயிற்றோட்டம் இவை இருக்கிறதா என்று பார்ப்போம். நெருப்புக்காய்ச்சலுக்கு, அதாவது டைபொயிட்டுக்கு, தடுப்பூசி போடுவோம். சாப்பாட்டின் வழியாகவோ பக்கத்தில் நிற்பதாலோ தொற்றக்கூடியவைதான் அதில் இருக்கும். எச்.ஐ.வி. அதில் இல்லை. அடுத்த பரிசோதனை நாளில் தவம் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். டொக்டர் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார், இருமச் சொன்னார், கையெழுத்து வைத்தார். நான் கேட்ட ஆள் இவர்தான் என்று அவர் ஊகித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேக்கரி முதலாளியின் பெயர் யோகநாதன். யுத்தத்துக்குப் பிறகு பாண் சுடுகிற விறகுப் போறணை ஒன்றோடு தொடங்கி, வீடுவீடாகப் பாண் கொண்டுபோகிற ஓட்டோக்கள் வரைக்கும் வளர்ந்தவர். கேக்குக்கு ஐசிங் போடுவதை மட்டும் யாரிடமும் விடமாட்டார். அது அவருடைய கைவேலை. போறணையைப் பார்த்துக்கொண்டவர் அல்பிரட் அண்ணை. அச்சுவேலிக்காரர், அந்தப் பேக்கரியில் முதல் நாளிலிருந்து நிற்பவர். தவம் அங்கே சேர்ந்து சில மாதங்களிலேயே மீன்கறியை உள்ளே வைத்துச் சுடுகிற அவர்களுடைய மீன் பணிசுக்குத் தனிப் பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை ஒன்று நாள்தோறும் ஓடர் கொடுத்தது. நான் சோதனைக்குப் போகும்போதெல்லாம் தவம் தலையில் துணித் தொப்பியோடு மேசையில் நின்று, என்னைக் கண்டு தலையை மட்டும் அசைப்பார்.

பிறகு ஒருநாள் யாரோ அவரைக் கிளினிக் வாசலில் கண்டுவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு எதற்காகப் போவார்கள் என்று தெரிந்த ஒருவர். கதை பாண் ஓட்டோவை விட வேகமாக ஒழுங்கைகளுக்குள் ஓடியது. வழக்கமாக வெறுமையாகத் திரும்பும் ஓட்டோக்கள் பாணோடு திரும்பின. பள்ளிக்கூட ஓடர் நின்றது. வேலையாட்கள் இருவர் வராமல் விட்டார்கள்.

யோகநாதன் என்னைத் தேடிப் பணிமனைக்கு வந்தார். நித்திரை இல்லாத கண்கள்.

"ஐயா, ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. தவத்துக்கு அந்த வருத்தம் இருக்கோ, இல்லையோ?"

"அதை நான் சொல்லேலாது, முதலாளி."

"ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. இல்லை எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நான் சனத்துக்கு அடிச்சுச் சொல்லுவன், பீ.எச்.ஐ. ஐயாவே சொன்னவர் எண்டு."

"இல்லை" என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு பொய். அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை. ஒரு குடும்பத்தின் சீவியம் தப்பும். கொஞ்சம் பொறுங்கோ என்று அவரை இருத்திவிட்டு, டொக்டருடைய அறைக்குள் போனேன். பெயர் சொல்லாமல் நிலைமையைச் சொன்னேன்.

"இல்லை எண்டு சொல்லிவிட்டால் அந்தாளின்ரை வேலை தப்பும், டொக்டர்."

அவர் பேனையை மூடி வைத்தார்.

"இண்டைக்குத் தப்பும். நாளைக்கு இன்னொரு முதலாளி இன்னொராளைப் பற்றி வந்து கேப்பார். அண்டைக்கு நாங்கள் பேசாமல் இருந்தால் அதுக்கு என்ன அர்த்தம்? ஓம் எண்டுதானே? இருக்கிற ஆளுக்கும் சொல்லக்கூடாது, இல்லாத ஆளுக்கும் சொல்லக்கூடாது. அப்பதான் எங்கடை மௌனத்துக்கு ஒரு பெறுமதி இருக்கும்."

என் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சேவையில் நான் கேட்ட பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை. அவர் என்னோடு வெளியே வந்து, யோகநாதனுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வருத்தங்களைப் பற்றி அவர் ஒருபோதும் நின்றுகொண்டு பேசுவதில்லை.

"உங்கடை வேலையாட்களுக்கு என்ன இருக்கு, என்ன இல்லை எண்டது எங்கடை கேள்வி இல்லை. உங்கடை கேள்வியும் இல்லை. உங்கடை எல்லா ஆக்களும் மெடிக்கல் செய்தவை. சாப்பாட்டுக்குப் பிரச்சினையான ஒண்டும் ஒருத்தரிலும் இல்லை."

"அப்ப எல்லாருக்கும் இரத்தம் சோதிச்சு எயிட்ஸ் இல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ. நான் கடையிலை ஒட்டி விடுறன்."

"தரேலாது. வேலைக்கு எண்டு அந்தச் சோதினையைக் கேக்கக்கூடாது. நாட்டின்ரை கொள்கை அது."

"கொள்கை வந்து பாண் வாங்காது, டொக்டர்" என்றார் யோகநாதன்.

அந்த மனிதருடைய பயமும் உண்மையானது என்று டொக்டருக்குத் தெரியும். யோகநாதன் எழுந்து போய்விட்டார். அன்று பின்னேரமே தவத்திடம், "நிலைமை சரிவரும்வரைக்கும் வீட்டிலை நில்" என்று சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாள் பொறுத்து நான் கோப்பாய்ப் பக்கம் டெங்குச் சோதனைக்குப் போனபோது தவத்தின் வீட்டுக்கும் போனேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. மனைவி கலைவாணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தவம் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இந்தமுறை கிளினிக்குக்குப் போகேல்லை. மருந்து முடியப்போகுது. வாசல்லை ஆரும் காணுவினம் எண்டு போகமாட்டன் எண்டு நிக்கிறார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. வேலை போனால் இன்னொன்று தேடலாம். அந்த மருந்தை விட்டுவிட்டு எடுத்தால் கிருமி பழகிவிடும், பிறகு அதே மருந்து கேட்காது. ஊர் அவருடைய வேலையை எடுத்தது, இனி உயிரையும் எடுக்கப்போகிறது.

தவம் திரும்பி வந்ததும், "ஆஸ்பத்திரிப் பக்கம் போறன். வாங்கோ, ஏறுங்கோ" என்றேன்.

"வேண்டாம் ஐயா. உங்களோடை போறதைக் கண்டால் உங்களுக்கும் கதை கட்டுவினம்."

"கட்டட்டும். பீ.எச்.ஐ.மாரைப் பற்றிச் சனம் இதைவிட மோசமான கதையெல்லாம் கட்டியிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார். கிளினிக்கில் இருந்த தாதி ஏசவில்லை, ஏன் பிந்தினீர்கள் என்றும் கேட்கவில்லை. "வந்ததே சந்தோசம், இருங்கோ" என்றார். அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தாலும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. திரும்பி வரும்போது தவம் பின்னுக்கிருந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, முதலாளி என்னை வேலையாலை எடுத்தது பிழை எண்டு நீங்கள் நினைக்கிறியளோ, இல்லாட்டி என்னிலை பாவப்படுறியளோ?"

"பிழை எண்டு நினைக்கிறன்."

"அப்ப சரி" என்றார்.

மார்கழி பிறந்தது. எங்கள் பகுதியில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்கள் பல. நத்தார்க் கேக்குக்கு யோகநாதனிடம்தான் ஓடர் கொடுப்பார்கள். கதை எவ்வளவு பரவியிருந்தாலும், "அந்தாள் இப்ப அங்கை இல்லையாம்" என்ற கதையும் கூடவே பரவியதால் ஓடர் வழக்கம்போல் வந்திருந்தது. பண்டிகைக்கு முன்னர் எல்லாப் பேக்கரிகளையும் நாங்கள் சோதிப்பது வழமை. அந்தமுறை டொக்டரும் வந்தார்.

காலைப் பாண் போய் முடிந்த நேரம். டொக்டர் வழக்கம்போல் முதலில் கை கழுவப் போனார். சவர்க்காரம் இருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தார், மா மூட்டைகள் நிலத்தில் படாமல் பலகையில் இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு போறணையடியில் எல்லோரையும் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். தானும் ஒரு பாண் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தார்.

"ஏதும் கேக்கிறதெண்டால் கேளுங்கோ. என்ன வேணுமெண்டாலும் கேக்கலாம். ஒராளின்ரை பேரைச் சொல்லி மட்டும் கேக்கவேண்டாம்."

அல்பிரட் அண்ணைதான் முதலில் கேட்டார்.

"ஒராளுக்கு அந்த எயிட்ஸ் கிருமி இருக்கெண்டு வையுங்கோ. அவர் கத்தி பிடிக்கேக்கை கையை வெட்டிப்போட்டார். இரத்தம் மாவிலை விழுந்திட்டுது. அப்ப?"

"நல்ல கேள்வி" என்றார் டொக்டர். "இப்ப உங்கடை கை வெட்டுப்பட்டு இரத்தம் மாவிலை விழுந்தால் என்ன செய்வியள்?"

"அந்த மாவை எறிவம்."

"அதுதான் பதில். ஆற்றை இரத்தமெண்டாலும் மாவை எறியவேணும், காயத்தைக் கட்டவேணும், மேசையைக் கழுவவேணும். தவறி விழுந்தாலும் அந்தக் கிருமி போறணைச் சூட்டிலை ஒரு கணமும் நிக்காது. வயித்துக்குள்ளை போய் ஒட்டுற கிருமியும் இல்லை அது. மருந்தை ஒழுங்கா எடுக்கிற ஒராளின்ரை இரத்தத்திலை அதை அளக்கவே ஏலாத அளவுக்குக் குறைஞ்சு போகும். அப்பிடியான ஒராளாலை கட்டின மனுசிக்கே பரவாது. பக்கத்திலை நிண்டு மா குழைக்கிற உங்களுக்கு எப்பிடிப் பரவும்?"

அல்பிரட் அண்ணை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் பல கேள்விகள் வந்தன. ஒரே கோப்பையில் குடித்தால்? ஒரே மலசலகூடம் என்றால்? நுளம்பு கடித்தால்? டொக்டர் ஒவ்வொன்றுக்கும் அவசரப்படாமல் பதில் சொன்னார். ஒருவருடைய பெயரும் அங்கே வரவில்லை. ஆனால் எல்லோருடைய மனதிலும் தவம் இருந்தார்.

அதன் பிறகு டொக்டர் எழுந்து, "கையைக் காட்டுங்கோ" என்றார். வரிசையாக ஒவ்வொருவருடைய கையையும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் யோகநாதனுக்கு முன்னால் போய் நின்றார். அவர் வலது கையைப் பின்னுக்கு வைத்திருந்தார்.

"உங்கடை கை?"

"நான் முதலாளி, டொக்டர்."

"கேக்குக்கு அது தெரியாது."

கையை நீட்டினார். சுட்டுவிரலில் நகச்சுத்து. நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. மேசையில் அரைவாசி ஐசிங் போட்ட கேக் ஒன்று இருந்தது.

டொக்டர் குரலை உயர்த்தவில்லை. "இந்தச் சீழ் கேக்கிலை பட்டால் சாப்பிடுற வீடு முழுக்கச் சத்தியெடுக்கும். இது ஆறும்வரைக்கும் நீங்கள் மாவோ ஐசிங்கோ தொடக்கூடாது. இதுக்கு உங்களை நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இருக்கு. அண்டைக்கு நீங்கள் வந்து கேட்ட விசயத்துக்கு ஒருத்தரையும் நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கும் இல்லை."

மேசையில் இருந்த கேக்கை எறியச் சொல்லவேண்டியிருந்தது. யோகநாதனே தூக்கிக் கொண்டுபோய் எறிந்தார்.

மறுநாள் நடந்ததைப் பிறகு அல்பிரட் அண்ணையும் தவமும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அல்பிரட் அண்ணை சைக்கிளில் கோப்பாய்க்குப் போயிருக்கிறார்.

"தம்பி, உனக்கு என்னெண்டு நான் கேக்கவரேல்லை. கேக் ஓடர் குவிஞ்சு கிடக்கு. முதலாளியின்ரை விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. வா."

"முதலாளி சொன்னவரோ, அண்ணை?"

"அவர்தான் அனுப்பினவர். தான் வர வெக்கப்படுறார்."

"போகச் சொன்னவர் அவர். அவர் வந்து கூப்பிட்டால் வாறன்" என்றார் தவம்.

பின்னேரம் யோகநாதன் வந்தார். விரலில் பெரிய கட்டு. கலைவாணி கதிரை போட்டும் அவர் இருக்கவில்லை.

"தவம், நான் செய்தது பிழை. சனத்துக்குப் பயந்திட்டன். இப்பவும் பயம்தான். பொய் சொல்ல ஏலாது. ஆனாலும் நீ வா."

"சனம் திரும்பக் கதைச்சால்?"

"கதைச்சால் உன்னை நிப்பாட்டமாட்டன். பாண் விக்காட்டி ரெண்டுபேரும் சேர்ந்திருந்து சாப்பிடுவம்."

தவம் அன்றைக்கே போனார். அந்த நத்தாருக்கு அந்தப் பேக்கரியிலிருந்து போன கேக்குகளுக்கு ஐசிங் போட்டது அவருடைய கை. யோகநாதன் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து, கட்டுப்போட்ட விரலால் காற்றில் கோடு கீறிக் காட்டிக்கொண்டிருந்தார் என்று அல்பிரட் அண்ணை சொன்னார்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். நின்றுபோன இரண்டு வேலையாட்களில் ஒருவர் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூட ஓடரும் வரவில்லை. தை பிறந்த பிறகும் சில ஒழுங்கைகளில் பாண் ஓட்டோவை மறித்து, "அந்தாள் திரும்ப வந்திட்டானாமே?" என்று கேட்டார்கள். ஓட்டோக்காரர்களுக்கு யோகநாதன் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். "எங்கடை ஆக்கள் எல்லாரும் மெடிக்கல் செய்தவை. பாண் சுடச்சுட இருக்கு. வேணுமோ?" அவ்வளவுதான். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ரோஸ்ட் பாண் தாங்கோ" என்றார்கள். சித்திரை வருசத்துக்கு முன்னர் ஓட்டோக்கள் பழையபடி வெறுமையாகத் திரும்பத் தொடங்கின. சனம் மனம் மாறியதா, மறந்ததா, அந்த மீன் பணிசை விட முடியவில்லையா என்று நான் ஆராயவில்லை.

பிறகு தவம் தானாகவே அல்பிரட் அண்ணையிடம் தன் வருத்தத்தைப் பற்றிச் சொன்னார். "சொல்லாமல் விட்டிருந்தாலும் பறவாயில்லை. சொன்னதாலை இனிக் கிளினிக் நாளிலை உன்ரை மேசையையும் நான் பாக்கலாம்" என்றாராம் அவர். இரண்டு வருடத்தின் பின் தவத்துக்கும் கலைவாணிக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கிளினிக் டொக்டர்மார் சொன்னபடி நடந்து, தாயும் பிள்ளையும் கிருமியில்லாமல் சுகமாக இருந்தார்கள். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாட்டத்துக்குப் பேக்கரியிலிருந்து எல்லோரும் போய்ச் சாப்பிட்டார்கள். நானும் போனேன்.

டொக்டர் ஜெயமலருக்குப் பிறகு இடமாற்றம் வந்தது. போகிற அன்று மேசை இலாச்சியைத் துப்புரவாக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அந்தப் பேக்கரி முதலாளியின்ரை நகச்சுத்து நல்லா ஆறிட்டுதோ?"

"ஓம் டொக்டர்."

"நல்லது" என்றார். தவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் சுகமாக இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். அவர் எனக்குப் பழக்கிய பழக்கம் அது.

ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் தாங்கள் செய்ததையே எழுதுவார்கள். இந்த விசயத்தில் நான் செய்தது மிகக் குறைவு. ஒரு பொய்யைச் சொல்லாமல் விட்டேன், ஒருவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். மிச்சத்தையெல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். பயந்துகொண்டே வந்து கூப்பிட்ட ஒரு முதலாளி, கேள்வியை வெளிப்படையாகக் கேட்ட ஒரு போறணைக்காரர், ஏசாத ஒரு தாதி, கேட்கக்கூடாததைக் கேட்காத ஒரு டொக்டர். அப்படியானவர்களுக்கு நடுவில் வேலை செய்யக் கிடைத்ததே எனக்குப் போதும்.

இதை எழுதி முடித்ததும் தவத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொன்னால் கிழித்துவிடுவது என்றுதான் போனேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பேக்கரி வாசல் படியில் இருந்து ஆறுதலாக வாசித்தார். சில இடங்களில் திரும்பவும் வாசித்தார்.

"எல்லாற்றை பேரையும் மாத்திப்போட்டீங்கள் போலை."

"ஓம். ஊரையும் கொஞ்சம் மாத்தியிருக்கு. வேணுமெண்டால் வேலையையும் மாத்திவிடலாம். தோட்டக்காரர் எண்டோ, தையல்காரர் எண்டோ போடலாம். ஆருக்கும் மட்டுக்கட்ட ஏலாது."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் தந்தார்.

"பேரை மாத்துங்கோ ஐயா. ஊரையும் மாத்துங்கோ. வேலையை மட்டும் மாத்தாதைங்கோ. நான் பேக்கரிக்காரன்."